கொட்டகைகளுக்கு நடுவே ஒரு வண்டி இடம்

யுத்த காலத்தில் நான் திருத்தணியில் சானிட்டரி இன்ஸ்பெக்டராக இருந்தேன். சாக்கடையைப் பார்ப்பது, அம்மை குத்துவது, கிருத்திகைக் கூட்டத்தில் வாந்திபேதி பரவாமல் காப்பது, இவைதான் என் வேலை. இது போதாதென்று, ஜப்பான்காரன் குண்டு போட்டால் ஊரைக் காப்பாற்றும் பொறுப்பையும், அப்போது எங்கள் ஜில்லாவின் தலைநகராயிருந்த சித்தூரிலிருந்து என் தலையில் கட்டினார்கள். சிவப்புச் சாயம் அடித்த வாளிகள் ரயிலில் வந்து இறங்கின. அவற்றில் மணல் நிரப்பித் தெருவுக்குத் தெரு வைக்கவேண்டும், மணி அடித்தால் என்ன செய்வதென்று ஜனங்களைப் பழக்கவேண்டும் என்று உத்தரவு.

குண்டைப் பற்றி எனக்கு அவ்வளவு பயம் இல்லை. குண்டுக்குப் பயந்து பட்டணத்தை விட்டு ஓடிவந்தவர்களே எங்கள் ஊரில்தான் வாடகைக்கு இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். என் கவலையெல்லாம் மலையடிவாரத்துக் கொட்டகைகள்தான். சரவணப் பொய்கைக்குப் போகும் வழியில் பூவும் கற்பூரமும் பலகாரமும் விற்கும் கீற்றுக் கொட்டகைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. ஒரு கூரையின் ஓலை அடுத்த கூரையின் மேல் படுத்திருக்கும். பங்குனி வெயிலில் அந்த ஓலை தொட்டால் நொறுங்கும். அதற்குக் கீழேயே எண்ணெய்ச் சட்டி கொதித்துக்கொண்டிருக்கும்.

வரிசையின் நடுவில் ஒரு வண்டி போகும் அளவு இடம் விட்டால் போதும், ஒரு பக்கத்து நெருப்பு மறுபக்கம் தாண்டாது என்பது என் கணக்கு. நடுவில் இருந்தது ஒரு பூக்காரம்மாவின் கொட்டகை. அதை ஒட்டி அவளுடைய அக்காள் புருஷனின் பலகாரக் கடை. ஆந்திரப் பக்கத்துக் குடும்பம். அவரை அவள் ‘பாவா’ என்பாள். அவரிடமே அப்படிச் சொல்லிப் பல வருஷம் ஆகியிருந்தது. பேச்சுவார்த்தை கிடையாது.

“கொட்டகையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கம்மா” என்றேன்.

“நான் தள்ளினா எங்க பாவா அங்க பெஞ்சு போட்டுக் குந்திக்குவாரு. மொதல்ல அவரத் தள்ளச் சொல்லுங்க.”

அவரிடம் போனேன். “எங்க நைனா காலத்துலேர்ந்து அடுப்பு இங்கதான் சார் எரிஞ்சிகினு இருக்குது. அவளுக்கு எடம் வேணும்னா நேரா கேக்கச் சொல்லுங்க” என்றார்.

இரண்டு கடைக்கும் நடுவே ஒரு தட்டிதான். நான் சொல்வது இருவர் காதிலும் ஒரே நேரத்தில் விழும். ஆனாலும் இவர் சொன்னதை அவளிடமும் அவள் சொன்னதை இவரிடமும் நான் எடுத்துப்போய்ச் சொல்லவேண்டும். மாசக்கணக்கில் இந்தத் தூது நடந்தது.

ஒத்திகை அதைவிட மோசம். புளியமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். அதை அடித்தால் ஆண்கள் குடத்தோடு பொய்கைக்கு ஓடவேண்டும், பெண்கள் குழந்தைகளை வெளியே கொண்டுவர வேண்டும். அடித்தேன். எல்லோரும் என்னைப் பார்க்க ஓடிவந்தார்கள். “குண்டு எங்க சார் வுழுந்துது?” என்று ஒருவர் கேட்டார். அவர் பக்கத்தில் நின்றவர், “குண்டு போடறவன் டிக்கெட் எடுத்துகினு திருத்தணிக்கா வரப்போறான்?” என்றார். எல்லோரும் சிரித்துவிட்டுக் கலைந்தார்கள். குடம் ஒன்றுகூட வரவில்லை.

ஒத்திகை தவறாமல் வந்தவர் பெட்ரோமாக்ஸ் விளக்கு பழுது பார்க்கும் பாய் ஒருவர்தான். அவருக்கு ஒரு விசில் கொடுத்திருந்தார்கள். கொடுத்தவர்களை நான் மன்னிக்கவே இல்லை. நான் வாயைத் திறந்தால் அவர் விசிலை ஊதுவார். “நான் பேசறது யாருக்குமே கேக்கல பாய்” என்றால், “ஊதிகினே இருந்தாதான் சார் ஜனங்களுக்கு தைரியம்” என்பார்.

மணல் வாளிகளோ வைத்த வாரமே வேறு வேலைக்குப் போய்விட்டன. ஒன்று மொட்டையடிக்கும் இடத்தில் தண்ணீர் வாளியாயிற்று. ஒன்றில் வெற்றிலை எச்சில் துப்பினார்கள். மணலைப் பாத்திரம் தேய்க்க அள்ளிப்போனார்கள். நான் திரும்ப நிரப்புவேன், திரும்பவும் அள்ளிப்போவார்கள்.

அந்தப் பங்குனியில் ஒரு மத்தியானம், அடிவாரத்துச் சாக்கடையை அடைப்பெடுக்கச் சொல்லி நின்றுகொண்டிருந்தேன். எண்ணெய் தீயும் வாடை வந்தது. திரும்பினால் பலகாரக் கடைச் சட்டியிலிருந்து கிளம்பிய நெருப்பு கூரை ஓலையைப் பிடித்துவிட்டது. ஓடிப்போய்த் தண்டவாளத்தை அடித்தேன். கடைக்காரர்கள் சாவகாசமாக எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் கேட்டார்: “இன்னிக்கும் ஒத்திகையா சார்?”

எனக்கு அப்போது வந்த ஆத்திரத்தை இப்போது எழுதும்போதும் கையில் உணர்கிறேன். அடித்த இரும்புக் கம்பியை அவர்மேல் எறிந்திருப்பேன். அதற்குள் புகை எல்லோர் கண்ணிலும் பட்டது. பிறகுதான் குடங்கள் கிளம்பின. நாலு பேர் நாலு பக்கம் ஓட, ஒருவர் மேல் ஒருவர் மோதித் தண்ணீரெல்லாம் தரையில் கொட்டிற்று. பாய் நடுவில் நின்று விசில் ஊதிக்கொண்டிருந்தார்.

காற்று பூக்காரம்மாவின் கடைப் பக்கம் அடித்தது. அவளுடையது பிடித்தால் பொய்கைவரை எல்லாம் போய்விடும். அவள் வெளியே நின்றிருந்தாள். பலகாரக்காரர் எண்ணெய் டின்னை எடுக்க மறுபடி உள்ளே நுழைவதைப் பார்த்தாள். நேராகப் போய் அவர் மேல்துண்டைப் பிடித்து இழுத்தாள்.

“எண்ணெ போனா போவட்டும் பாவா. வெளில வாங்க.”

அவர் வந்தார். இரண்டு கையும் வெந்திருந்தன. அவரை ஓரமாக உட்காரவைத்துவிட்டு அவள் தன் கடைக்குள் போனாள். வாழைநார் அறுக்கும் அரிவாளோடு வந்து தன் கூரையைக் கட்டியிருந்த கயிறுகளை அறுக்கத் தொடங்கினாள். வேடிக்கை பார்த்தவர்களிடம், “நின்னுகினு இன்னாத்தப் பாக்கறீங்க? இழுங்க” என்றாள்.

நான் ஒரு கம்பத்தைப் பிடித்தேன். பாய் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு இன்னொன்றைப் பிடித்தார். ஆட்கள் சேர்ந்து இழுக்க, கூரை ஒரு பக்கமாகச் சாய்ந்து புழுதியைக் கிளப்பிக்கொண்டு விழுந்தது. அதை ரோட்டுக்கு இழுத்துப் போட்டோம். பலகாரக் கடை எரிந்து அடங்கிற்று. அதற்கு அந்தப் பக்கம் இன்னும் இரண்டு கடைகள் போயின. இந்தப் பக்கம் ஒரு ஓலைகூடக் கருகவில்லை.

பூக்காரம்மா மிதிபட்ட மல்லிகைக்கு நடுவில் உட்கார்ந்தாள். நல்ல வார்த்தை சொல்லலாமென்று பக்கத்தில் போனேன்.

“எடுக்கச் சொல்லி எடுக்கச் சொல்லி நீங்க வாய் வச்சதுதான் சார், இப்ப எடுத்தாச்சு” என்றாள். குரல் உடைந்துவிட்டது. பலகாரக்காரரின் கைக்கு மருந்து போட அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் அவர் டின்னைப் பற்றித்தான் பேசினார்.

பின்னால் சித்தூரிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். தீக்கும் எதிரிக்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டார். பலகாரச் சட்டி என்றேன். அப்படியானால் அது தன் இலாகா அல்ல என்றார். ஆனால் வாளிகள் குறைவதற்கு என்னிடம் விளக்கம் கேட்டார்.

கொட்டகைகளைத் திரும்பப் போட்டார்கள். தகரம் கிடைக்காத காலம், அதே கீற்றுதான். பூக்காரம்மாவின் பழைய இடத்தை மட்டும் காலியாக விட்டுவையுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் போய்க் கெஞ்சினேன். அவள் வரிசைக் கடைசியில் ஒரு இடம் பிடித்துக்கொண்டாள். ஆனால் பழைய இடத்தின் உரிமையை விடவில்லை. அதில் பலகாரக் கடையை ஒட்டிய ஓரத்தில் ஒரு கல்லை நட்டாள்.

“எதுக்கும்மா கல்லு?”

“எங்க பாவா உள்ள வந்துடக்கூடாது இல்ல.”

மறுநாள் போனால், அந்த இடத்தில் தனக்கும் பாத்தியதை உண்டென்று எதிர் ஓரத்தில் பலகாரக்காரரும் ஒரு கல்லை நட்டிருந்தார். தீயின் நடுவே ஒரு வார்த்தை பேசிக்கொண்டவர்கள், அதன் பிறகு கொஞ்சம் பேசத்தான் செய்தார்கள். பெரும்பாலும் அந்தக் கற்களைப் பற்றி.

ஆடிக்கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் வந்தபோது இரண்டு கற்களுக்கும் நடுவே ஒரு வண்டி தாராளமாகப் போகும் அளவு இடம் காலியாகவே இருந்தது. சர்க்கார் உத்தரவும் என் தொண்டைத் தண்ணீரும் செய்யாததைக் குடும்பச் சண்டை செய்திருந்தது. யாரோ அதில் ஆடுகளைக் கட்டிவைத்திருந்தார்கள். யாருடையவை என்று விசாரிக்க வாயெடுத்தேன். பிறகு வேண்டாமென்று, வாந்திபேதி ஊசி போடும் கூடாரத்துக்கு நடந்தேன். அங்கே ஊசிக்குப் பயந்து வரிசை பின்பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது.