அம்மாவின் மேட்டில் விஷ்ணுகிரந்தி

அம்மாவுக்கு முதலில் கல்லறை கட்டவில்லை. லிங்கராஜபுரத்திலிருந்து பஸ் ஏறிப் போகும் தூரத்தில் ஒரு கல்லறைத் தோட்டம். அங்கே ஒரு மண்மேடு. தலைமாட்டில், வீட்டு ஜன்னலுக்கு அடித்ததுபோக மிச்சமிருந்த பச்சை பெயின்ட்டை என் வீட்டுக்காரர் பூசிவைத்த மரச்சிலுவை. அந்த வரிசையில் எல்லாமே மண்மேடுதான். ஆனால் அம்மாவின் மேட்டில் மட்டும் ஒரு செடி தொல்லை கொடுத்தது. தரையோடு படரும், சட்டைப் பொத்தானைவிடச் சிறிய நீலப் பூ. விஷ்ணுகிரந்தி என்று பக்கத்து மேட்டுக்கு வரும் அம்மாள்தான் சொன்னாள்.

"ஞானஸ்நானம் வாங்குன உங்கம்மா மேல விஷ்ணு வந்து குந்திக்கினாரு பாரு" என்று கேலி வேறு.

நவம்பரில் கல்லறைத் திருநாள். அதற்குமுன் மேட்டைச் செதுக்கி, புதுச் செம்மண் போட்டு, சுற்றிலும் சுண்ணாம்புக் கோடு இழுத்துவிட வேண்டும். புல் மண்டிக் கிடந்தால் 'பெத்தவள மறந்துட்டா' என்பார்கள். நானும் வருஷம் தவறாமல் அந்தச் செடியைப் பிடுங்கினேன். கொடி கையோடு வரும், வேர் வராது. அடுத்த மழைக்கு மறுபடி வந்து நிற்கும். எனக்குக் கோபம் மூக்குக்குமேல் வரும்.

தொண்ணூற்றேழு என்று நினைக்கிறேன். கார்மென்ட்ஸில் ஓவர்டைம், ஒழிவே இல்லை. குழி வெட்டுகிறவரிடம், "ஒரு புல்லு இருக்கக் கூடாது, அடியோட செதுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் சொன்ன சொல் தட்டாதவர். கையோடு வரிசை முழுவதையும் செதுக்கினார். கரையான் தின்றிருந்த சிலுவைகள் மண்வெட்டி பட்டு முறிந்தன. அவற்றை ஓரமாகக் குவித்தார். அன்று பெய்த மழையில் மேடுகளும் கரைந்துபோயின.

திருநாளன்று சாயங்காலம் பூவோடு போய் நின்றால் ஒரே செம்மண் தரை.

"மூணாவதோ நாலாவதோ, இங்கதான் எங்கியோ. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கக்கா" என்று கன்னடம் கலந்து சொன்னார் குழி வெட்டுகிறவர்.

"அத்தைக்குத் தெரியாதா? எங்க ஏத்துனாலும் போய்ச் சேரும், ஏத்து" என்றார் என் வீட்டுக்காரர்.

குத்துமதிப்பாக ஓர் இடத்தில் மெழுகுவர்த்தியை ஏற்றினேன். பெற்றவளை நானே ஆள் வைத்துத் தொலைத்துவிட்டேன். பல நாள் சோறு இறங்கவில்லை.

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் தனியாகப் போனேன். வரிசை முழுக்க அருகம்புல் பச்சை கட்டியிருந்தது. அதற்கு மண்வெட்டியெல்லாம் ஒரு பொருட்டா? அதற்கு நடுவே, ஒரே ஓர் இடத்தில் கையகலத்துக்கு நீலம். மண்டியிட்டு, தலைமாட்டைக் கையாலேயே தோண்டினேன். நான்கு விரல் ஆழத்தில் முறிந்த கட்டை ஒன்று தட்டுப்பட்டது. மண்ணைத் துடைத்தேன். எங்கள் ஜன்னல் பச்சை. அம்மா என்று வாய்விட்டு அழுதேன். அந்தச் செடியிடமும் மன்னிப்புக் கேட்டேன், அதில் எனக்கு வெட்கம் இல்லை.

சில வருஷம் கழித்துக் கல்லறை கட்டினோம். முழுக்க கிரானைட் போட்டுவிடலாம் என்றார் வீட்டுக்காரர். சுற்றுக்கட்டு மட்டும் போதும் என்றேன்; நடுவில் மண் அப்படியே இருக்கிறது. அந்தப் பூ மதியத்துக்குள் மூடிக்கொள்ளும். ஆகவே ஊரெல்லாம் சாயங்காலம் போகிற திருநாளுக்கு நாங்கள் காலையிலேயே போகிறோம். செடிக்குச் சூடு படாமல் ஓரத்துக் கல்லில் மெழுகுவர்த்தியை ஏற்றுகிறேன். புல்லும் பூண்டுமாகக் கிடக்கிறதே, பெத்தவள மறந்துட்டா என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். நான் தொலைத்த அம்மாவை எனக்காகப் பிடித்துவைத்திருந்தது அந்தப் பூண்டுதான்.