எதிர்க்கரையில் ஆள் வேண்டும்

தொழில் என்றால் ஊருக்குப் பொருந்த வேண்டும். நான் செய்வதோ கடல் வாடையே வராத, சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு ஊரான தாயில்பட்டியில், பாயே இல்லாத படகு. உங்களிலும் சிலர் இப்படிப் பக்கத்து வீட்டுக்காரருக்கு விளக்கிச் சொல்ல முடியாத வேலையில் மாட்டிக்கொண்டு முழிப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

முன்னால் நானும் என் மனைவி ராஜாத்தியும் பேன்சி வெடிகளுக்குக் காகிதக் குழாய் சுருட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். எடை குறைந்த, வளையாத குழாய் தேடி ஒருவர் தூத்துக்குடியிலிருந்து வந்தார். துணிப் பாய் இல்லாமல் காற்றில் ஓடும் கப்பல்கள் இப்போது வருகின்றனவாம். அவற்றுக்கு மாதிரி செய்ய வேண்டுமாம். குழாய் கொடுக்கப் போனவன் படகையும் சேர்த்துச் செய்ய ஆரம்பித்தேன். எல்லாம் நாலடிப் படகுகள், ஆனால் நிஜமாகவே தண்ணீரில் ஓடும். பட்டம் இழுத்துக்கொண்டு போவது ஒன்று. காற்றாடி சுற்றி அடியிலுள்ள விசிறியைத் திருப்புவது ஒன்று. கதவு மாதிரி விறைப்பாக நிற்கும் பலகை வைத்தது ஒன்று. அதிகம் கேட்டு வருவது குழாய்ப் படகைத்தான். அதில் நடுவே ஒரு குழாய் செங்குத்தாக நின்று சுற்றும். பக்கவாட்டில் காற்று அடித்தால் படகு முன்னால் போகும். குழாயைத் திருப்பிச் சுற்றவிட்டால் அதே காற்றில் வந்த வழியே பின்னால் வரும். இதை மட்டும் மறந்துவிடாதீர்கள், கடைசியில் தேவைப்படும்.

திரி எங்கே?

ஒருநாள் குழாய்ப் படகு ஒன்றைச் சாக்கில் சுற்றிக்கொண்டு சிவகாசி பஸ்ஸில் ஏறினேன். குழாய் மட்டும் சாக்குக்கு வெளியே நிமிர்ந்து நின்றது. எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு குழாயைப் பார்த்தால் யாருக்கும் ஒன்றுதான் தோன்றும். எனக்கு முன்சீட்டில் இருந்த அம்மா எழுந்து டிரைவர் பக்கம் போய்விட்டார். பின்னால் இருந்தவரும் போய்விட்டார். கூட்டமான பஸ்ஸில் என்னைச் சுற்றி மட்டும் காலி சீட்டுகள். இந்தத் தொழிலில் எனக்கு இது பழக்கம்தான், ஆனாலும் மனசு கொஞ்சம் சுருங்கியது.

கண்டக்டர் வந்து வெடியெல்லாம் ஏற்றக் கூடாது என்றார். படகு என்றேன். பாய் எங்கே என்றார். பாய் கிடையாது, குழாய்தான் பாய் என்றேன். அவர் குழாய்க்குள் எட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், அடியில் விரலை விட்டுத் தடவினார். பிறகு டிக்கெட்டைக் கிழித்தபடி சொன்னார்: "பாய் இல்லாத படகோ, திரி இல்லாத வெடியோ, எதுன்னாலும் லக்கேஜ் சார்ஜ் உண்டுண்ணே."

கத்திப் பேசிய குடும்பம்

குழாய்ப் படகை ஒற்றை ஆளாக ஓட்டிப் பார்க்க முடியாது. எங்கள் ஊர்க் கண்மாயின் கீழ்க்கரையில் நின்று நான் படகை விடுவேன். வடக்கிலிருந்து அடிக்கும் வாடைக்காற்றில் அது குறுக்கே போய் மேல்கரையைத் தொடும். அங்கே ராஜாத்தி நிற்பாள். படகிலுள்ள சுவிட்சை அவள் தட்டினால் குழாய் மறுபக்கம் சுற்றும், படகு என்னிடம் திரும்பும். வீட்டில் நாங்கள் அதிகம் பேசுகிறவர்கள் இல்லை. கண்மாயில்தான் கத்திக் கத்திப் பேசுவோம். மகள் கல்யாணத்தைக்கூடத் தண்ணீருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுதான் முடிவு செய்தோம். மாடு மேய்ப்பவர்களுக்கு எங்கள் குடும்ப விவகாரம் முழுக்க அத்துப்படி.

போன வருஷம் திருப்பூரில் மகளுக்கு இரண்டாவது பிரசவம். மூன்று மாசத்தில் வருகிறேன் என்று போன ராஜாத்தி, மகள் மறுபடி வேலைக்குப் போனதும் பேரப்பிள்ளைகளோடு அங்கேயே தங்கிவிட்டாள். படகு செய்யும் கொட்டகையைக் காலி பண்ணிவிட்டு நீங்கள் வாருங்கள் என்பாள். தொழிலை விட்டுவிட்டு வர மாட்டேன் என்பேன். பகலெல்லாம் கொட்டகையில் பிசின் வாடையும் நானும்தான். தினமும் சாயங்காலம் போன் பண்ணுவாள். வைப்பதற்கு முன்னால் தவறாமல் ஒன்று சொல்வாள். அதற்கு 'சரி, வா' என்று இரண்டு சொல் சொல்ல என் வீம்பு விடவில்லை. "எதுத்த கரைக்கு ஆள் கிடைக்கலைன்னா சொல்லுங்க, அதைச் சாக்கு வச்சு நான் வந்துருதேன்."

சுற்றுவது யார்?

சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கும் முதலாளி ஒருவர் தன் ஆபீசில் வைக்க ஒரு குழாய்ப் படகு கேட்டார். கொண்டுபோய்க் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தவர் அடியில் பேட்டரியைக் கண்டுபிடித்துவிட்டார். "காத்துல ஓடுதுன்னீக, இங்கன பேட்டரியில்ல இருக்கு?" என்று முகம் மாறிவிட்டது. பேட்டரி குழாயைச் சுற்ற மட்டும்தான், படகைத் தள்ளுவது காற்றுதான் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. கடைசியில் அச்சுத் தகடு கழுவுகிற பெரிய தொட்டியில் மிதக்கவிட்டுக் குழாயைச் சுற்றவிட்டேன். குழாய் கிர்ரென்று சுற்றியது. படகு நகரவே இல்லை. பிறகு பெரிய மின்விசிறியை ஒருபக்கம் வைத்தேன். படகு சட்டென்று கிளம்பிப் போய்த் தொட்டி ஓரத்தில் முட்டியது.

முதலாளி மின்விசிறியை அணைத்துப் பார்த்தார், மறுபடி போட்டுப் பார்த்தார். "அப்ப கிடந்து சுத்துதது நாம, கொண்டுபோய்ச் சேர்க்கது வேற யாரோ. நல்லாத்தான் இருக்கு, இதை என் டேபிள்லயே வச்சிருங்க."

கயிறு கட்டிய காற்று

பட்டம் இழுக்கும் படகை நான் ஒரே ஒரு தடவைதான் விட்டேன். கண்மாய்க்குத் தெற்கே ஒரு பட்டாசுக் கம்பெனி இருக்கிறது. வாடை கொஞ்சம் வேகமாக அடிக்கவும் கயிறு அறுந்து, பட்டம் நேரே போய் அவர்கள் வேலியில் விழுந்தது. வேலைக்காரர்கள் அத்தனை பேரும் ஓடி வெளியே வந்து மரத்தடியில் நின்றார்கள். வெடிமருந்து காய வைத்திருந்த இடத்துக்கும் அதற்கும் நல்ல தூரம், ஒன்றும் ஆகவில்லை.

போர்மேன் பட்டத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கரைக்கு வந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பட்டத்தை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அண்ணாச்சி, காத்து தானா வந்தாலே எங்களுக்குப் பயம், நீங்க கயிறு கட்டி வேற கூட்டிட்டு வாரீகளே."

மணல் வாளி

தூத்துக்குடிக்காரர் பெரிய ஆர்டர் ஒன்று கொடுத்தார். போய்த் திரும்பி வருவதைக் கண்ணால் பார்த்துத்தான் எடுத்துக்கொள்வேன் என்றார். எதிர்க்கரைக்கு ஆள் வேண்டும். தீபாவளி முடிந்து கம்பெனிகள் லீவு விட்டிருந்த சமயம். கருப்பசாமி என்று ஒருவர், பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவர், வந்து நிற்கிறேன் என்றார். சுவிட்சைக் காட்டிக் கொடுத்தேன். சரி சரி என்று தலையாட்டினார். போகும்போது வாளியில் ஈர மணலை அள்ளிக் கொண்டுபோனார். உட்காருவதற்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

படகு அருமையாகப் போனது. கரைக்குக் கொஞ்சம் முன்னால் வேகம் கூடியது. கருப்பசாமி இரண்டடி பின்னால் போனார். பிறகு ஒரே வீச்சில் வாளி மணல் முழுவதையும் படகு மேல் கொட்டிவிட்டுத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டார். நான் கரையைச் சுற்றி ஓடிப் போவதற்குள் படகு முழுகிவிட்டது. அவர் எழுந்து உட்கார்ந்து முழங்கையைத் தடவிக்கொண்டிருந்தார். அங்கே பழைய தீத்தழும்பு ஒன்று. கோபித்துக்கொள்ள ஓடி வந்தவன் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். "மன்னிச்சுக்கோங்கண்ணாச்சி, ஒரு குழா உறுமிக்கிட்டு என்னையப் பார்த்து வந்தா, கை தானா வாளிக்குத்தான் போகுது."

ஆளே வேண்டாம்

அதற்குப் பிறகு யாரையும் கூப்பிடவில்லை. படகை விடுவேன், கரையைச் சுற்றி நடப்பேன், சுவிட்சைத் தட்டுவேன். திரும்ப நான் நடந்து வருவதற்குள் படகு எனக்கு முன்னால் வந்து கீழ்க்கரையில் முட்டிக்கொண்டு நிற்கும். போய்ச் சேரும்போதும் வாங்க ஆளில்லை, திரும்பி வரும்போதும் வாங்க ஆளில்லை. நடந்து நடந்து அலுத்துப்போய், ஒருநாள் படகு மூக்கில் ஒரு மூங்கில் குச்சியைப் பொருத்தினேன். கரையில் மூக்கு இடித்தால் குச்சி பின்னால் போய்ச் சுவிட்சைத் தட்டும். குழாய் திரும்பிச் சுற்றும். படகு தானே திரும்பி வரும்.

முதல் தடவையே வந்துவிட்டது. தண்ணீரில் இறங்கி நின்று தனியாகக் கை தட்டினேன். தூத்துக்குடிக்காரர் வந்து பார்த்தார். இரண்டு மூன்று தடவை விடச் சொல்லிப் பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினார். "பிரமாதம்ணே! அந்தப் பக்கம் ஆளே வேண்டாமே!"

சாயங்காலப் போன்

அன்றைக்கு ராஜாத்தி கூப்பிடும் வரை எனக்குப் பொறுக்கவில்லை. நானே போன் போட்டேன். குச்சி வைத்தது, மூக்கு இடித்தது, படகு திரும்பியது எல்லாவற்றையும் கண்மாய்க்கரையில் கத்துகிற மாதிரியே கத்திச் சொன்னேன். தூத்துக்குடிக்காரர் சொன்னதையும் அப்படியே சொன்னேன். பின்னால் பேரன் எதையோ உருட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவளுக்குக் கேட்கவில்லையோ என்று இரண்டு தடவை ஹலோ சொன்னேன்.

"கேட்குது. நீங்க கூப்பிடாட்டியும் பரவால்லன்னு, கரைக்கு ஆள் வேணும்னு மகள்ட்டச் சொல்லிட்டு இன்னைக்குத்தான் பையை எடுத்து வச்சேன். இனி நான் அங்கிட்டு நிக்க வேண்டியதில்லைன்னு ஆக்கிட்டீகளே."

பாய் இல்லாமல் படகை ஓட்ட நாலு வழி தெரிந்தவன் நான். எதிர்க்கரையில் ஆள் இல்லாமல் ஓட்ட ஐந்தாவதாக ஒரு வழி கண்டுபிடித்தேன் பாருங்கள், அதைப் போல ஒரு மடத்தனம் இந்தத் தொழிலில் வேறு யாரும் செய்ததில்லை.