சிப்பித் திருடனைப் பிடித்தவர்

வீராசாமி அண்ணன் போய்விட்டார் என்று மாயெபூர் போகும் பஸ்ஸில் கண்டக்டர் சொன்னபோது என் வாய் நிறைய மிளகாய் வடை. கண்ணில் நீர் வந்தது, பாதி மிளகாயால். அவர் முழுதும் துக்கமென்று நினைத்துத் தோளைத் தட்டினார். நானும் மறுக்கவில்லை.

அவரைத் தெரிந்த உங்களுக்குச் சிப்பிக் குளம் நினைவிருக்கும். கடலோரத்தைக் கல்சுவரால் வளைத்து ஒரு மிஸ்யே, வெள்ளைக்கார முதலாளி, சிப்பி வளர்த்தார். அண்ணன் காவல், ஆறாவது வரை படித்த பெருமையில் நான் குமாஸ்தா. எங்கள் பேச்சு இந்தத் தீவின் கிரியோல்தான்; 'அண்ணே', 'தம்பி' மட்டும் தமிழ். கரும்புத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்த காலம். முதலாளிகளுக்கு எல்லோர்மேலும் சந்தேகம். அப்போது பார்த்துச் சிப்பிகள் வெறும் ஓடாகக் கிடந்தன. அண்ணன்தான் ரம்முக்குத் தொட்டுக்கொள்கிறார் என்று பெரிய துப்பறிவாளன்போல முடிவுகட்டி மிஸ்யேவுக்குச் சீட்டு எழுதினேன். சனிக்கிழமைக்குள் திருடன் யாரென்று காட்டாவிட்டால் வேலையும் குடியிருக்கும் வீடும் போகும் என்றார் மிஸ்யே. எழுதியவன் பெயரைச் சொல்லவில்லை.

அண்ணன் கோபப்படவில்லை. வெற்று ஓடுகளைக் கழுவி வெயிலில் பிடித்தார். ஒவ்வொன்றிலும் சின்ன வட்டத் துளை.

"எனக்கு இவ்வளவு சின்னப் பல்லா?" என்றார்.

நீர் வற்றியதும் இருவரும் தேடினோம். மனசாட்சி உறுத்த, ஏழு விரல் நீட்டிய ஒரு சங்கை நான் வெற்றியோடு தூக்கி வந்தேன்.

"தம்பி, இது பாசி மேயுற சாது. விரலெல்லாம் உதட்டுல மட்டும்தான் இருக்கு, பாரு."

அவர் சேற்றிலிருந்து எடுத்த நத்தைக்குக் கொக்கின் மூக்குப்போல நீண்ட குழாய், உடம்பெங்கும் முள். திருப்பித் திருப்பி எண்ணினேன். ஓட்டின் ஒரு சுற்றுக்குச் சரியாக மூன்று வரிசை முள்.

வெற்று ஓட்டை மட்டும் காட்டினால் மிஸ்யே நம்பமாட்டார் என்று, அண்ணன் கடல்நீர்த் தொட்டியில் அதையும் நாலு சிப்பிகளையும் விட்டார். நான் கணக்குப் புத்தகத்தை மறந்து தொட்டியிலேயே தலையை விட்டுக்கொண்டிருந்தேன். வியாழனன்று நத்தை ஒரு சிப்பிமேல் ஏறிப் படுத்தது. சனிக்கிழமை மிஸ்யேயின் கண்முன் அதைப் பிரித்தெடுத்தார். அடியில் அதே துளை.

"சா மெம் வோலேர் லா," என்றார் அண்ணன், திருடன் இவன்தான் என்று. மிஸ்யே தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். வேலை நிலைத்தது.

நத்தை செத்தபின் ஓட்டைச் சுத்தம்செய்து எனக்கே கொடுத்தார். "கூடவே நின்னவன் நீ ஒருத்தன்தான், தம்பி."

விடுதலை நாளில் நம் கொடி ஏறியதையும் பார்த்துவிட்டுத்தான் போனார். அந்த ஓடு என் வீட்டில் இருக்கிறது. எதையும் சுற்றிவர எண்ணிப் பார்க்காமல் எழுதக்கூடாது என்ற பயமும் இருக்கிறது. அன்று முள் குத்தக் குத்த அதை வாங்கிக்கொண்டு நின்றபோது சொல்ல வந்து சொல்லாமல் விட்டது இதுதான்: அந்தச் சீட்டை எழுதியவன் நான்தான், அண்ணே.