காற்றை அடுக்கிய நாள்

ஜவ்வாது மலையடிவாரத்தில் ஒரு புளி ஆலை. பெட்டி அடுக்கும் புது ரோபோவைச் சோதித்துக்கொண்டிருந்தேன். பெட்டிகள் இன்னும் வரவில்லை. அதனால் சென்சார் தரவேண்டிய ‘பெட்டி வந்தது’ சிக்னலை லேப்டாப்பிலிருந்து நானே பொய்யாகக் கொடுத்தேன். ரோபோ காற்றைத் தூக்கிக் காற்றை அடுக்கியது. அடுக்கி முடித்ததாகப் பச்சை விளக்கும் எரிந்தது.

அதுவரை அங்கே கையால் பெட்டி அடுக்கிவந்த காசி, சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியில் வந்து, பெட்டிகள் இருக்கவேண்டிய மரத்தட்டை, அந்தக் காலிப் பேலட்டை எடுத்தார். முழுச் சுமை இருப்பதுபோல் மெதுவாகத் திருப்பினார். கிண்டலா, கோபமா? எனக்கு ஒன்றும் புரியவில்லை.

“இன்னாண்ணே, அதுல ஒண்ணுமே இல்லியே?”

“தெரியும் சார். நாளைலேருந்து அடுக்குற வேலை எனக்கு இல்ல. இந்த வண்டிய ஒழுங்கா ஓட்டிக் காட்டுனாதான் வேலைன்னு சொல்லிட்டாங்க. இன்னொரு தபா பச்சை போடுங்க சார், எடுத்துப் பழகிக்கிறேன்.”

போட்டேன். என் சோதனை முடிந்த பிறகும் போட்டுக்கொண்டே இருந்தேன். அவர் வேலையைப் பறித்தேனா, கொடுத்தேனா? இன்றுவரை குழப்பமாகத்தான் இருக்கிறது.