எக்ஸ்ரே படங்களில் செய்த நட்சத்திரம்

எதிர் வீட்டுப் பெண் மூன்று கிழமை இருந்து செய்த நத்தார் நட்சத்திரத்தை, அவள் கண் முன்னாலேயே ஊன்றுகோலால் அடித்து உடைத்தேன். அப்போது எனக்கு எழுபத்தாறு வயது. முப்பது வருடம் பௌதிகம் படிப்பித்தவன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல வழியில்லை.

கொட்டாஞ்சேனையில் எங்கள் தொடர்மாடியில் அவள் வீடும் எங்கள் வீடும் எதிரெதிர். நடுவில் பொது விறாந்தை. கணவனுக்குத் துறைமுகத்தில் வேலை, அவள் வீட்டிலிருந்து தைப்பாள். எதையும் எறியமாட்டாள். யோகட் கப்புகள் விளக்காகும், பால்மா பைக்கற்றின் வெள்ளி உட்பக்கம் பூவாகும். அவளுக்காகவே என் மனைவி பைக்கற்றுகளைக் கழுவிக் காயவைப்பாள். “குப்பைக் கொம்பனி” என்று இரண்டு பேரையும் நான் பகிடி பண்ணுவேன்.

மனைவி இறந்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள், மருந்துகளையும் ஆஸ்பத்திரிக் காகிதங்களையும் எக்ஸ்ரே படங்களையும் ஒரு பையில் போட்டு விறாந்தையில், மற்ற வீடுகளின் பைகளோடு, குப்பைக்கு வைத்தேன். அவற்றைப் பார்க்க முடியவில்லை. அடுத்த நாள் பை இல்லை. குப்பை லொறி எடுத்துப் போனது என்று நினைத்தேன்.

மார்கழியில், கிறிஸ்மஸ் நெருங்கிய ஒரு பின்னேரம், பேக்கரியில் பாண் வாங்கிக்கொண்டு படியேறினேன். அவள் வாசலில் பெரிய நட்சத்திரம் ஒன்று தொங்கியது. நான் மேல்படிக்கு வர, அவள் சுவிட்சைப் போட்டாள்.

நீல வெளிச்சத்தில் விலா எலும்புகள் தெரிந்தன. மேலே தோள்பட்டை எலும்பு. அதன்மேல் ஒரு தகடு, ஆறு ஆணிகள். நான்காவது கொஞ்சம் சரிவு.

மனைவி பஸ்ஸிலிருந்து விழுந்தபோது முறிந்த எலும்பு அது. அந்தப் படத்தை முதலில் பார்த்த அன்று, “மேசனிட்டக் குடுத்திருந்தா நேரா அடிச்சிருப்பான்” என்று மனைவி சிரித்தாள்.

பாண் கையிலிருந்து விழுந்தது. கோல் எப்போது உயர்ந்தது என்று எனக்கே தெரியாது.

“ஐயோ சேர்! என்ன செய்றீங்க?”

“இது என்ர மனிசி! என்ர மனிசியைக் கொண்டுவந்து தொங்கவிட்டிருக்கிறாய்!”

அவள் குந்தியிருந்து துண்டுகளைப் பொறுக்கினாள். தகடு தெரிந்த படம் இரண்டாகக் கிழிந்திருந்தது. அதைக் கையில் வைத்து நெடுநேரம் பார்த்தாள்.

“அன்ரின்னு தெரியாது சேர். எலும்பு எல்லாருக்கும் ஒரே மாதிரித்தானே.” பிறகு தலை நிமிராமலே சொன்னாள்: “குப்பையில நீங்கதானே வச்சீங்க.”

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். கோபத்தில் அல்ல, அவள் சொன்னது உண்மை என்பதால்.

காலையில் அவள் கணவன் வந்தார். “சேர், அந்த ஸ்டாரை மாதா கோயில் வாசல்ல போடக் கேட்டிருந்தாங்க. இவ்வளவு வருஷத்தில இதான் முதல் தடவை. இப்ப நான் போய் இல்லன்னு சொல்லணும்.” குரலை உயர்த்தவில்லை. நான் தலையாட்டினேன்.

அன்றே என் அலுமாரியைக் கிளறினேன். என் முழங்கால்கள், நெஞ்சு, ஒரு பக்கத் தாடை: ஏழு படங்கள். கொண்டுபோய் நீட்டினேன்.

“பிழை என்ரதான், பிள்ளை. இதுகளை வெட்டி மறுபடி செய். கோயிலுக்கு நானே வந்து கதைக்கிறன்.”

“வேற ஒண்டு வாங்கிட்டாங்க சேர்” என்றாள். ஆனாலும் படங்களை வாங்கிக்கொண்டாள்.

நத்தாருக்கு முதல்நாள் மத்தியானம் ஒரு சிறிய நட்சத்திரத்தோடு வந்தாள். ஒரு முனையில் என் நெஞ்சு. அடுத்ததில் அந்தத் தகடும் ஆறு ஆணிகளும். கிழிசலை, தூண்டிலுக்குப் போடும் தங்கூசி நூலால் நுணுக்கமாகத் தைத்திருந்தாள்.

“உங்கட வீட்டுக்குள்ளயே போடுங்க” என்றாள். “வெளிய வேணாம்.”

அவள் வாசலில், புறக்கோட்டையில் வாங்கிய பிளாஸ்டிக் நட்சத்திரம் ஒன்று மின்னி மின்னி அணைந்தது.

இரண்டு வருடமாகிறது. அவள் வேறெதையும் செய்து நான் காணவில்லை. பால்மா பைக்கற்றுகளைக் கழுவிக் காயவைத்து, மடித்து, அவள் வாசலில் வைக்கிறேன். லொறி வரும் நாட்களில் அவை என் குப்பைப் பைக்குப் பக்கத்தில், மடித்தபடியே இருக்கின்றன.