குருமாவில் என்ன கலக்கிறார்கள்

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே ஹாஸ்டல் பெண்கள் என்னை இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஓட்டலுக்குப் போனார்கள். எல்லோரும் பூரி சொன்னார்கள். நான் மட்டும் சப்ளையரைக் கிட்டே கூப்பிட்டு, "ஏனுங்க, தோசை மாவுல ரவை கலப்பீங்களா?" என்று கேட்டேன். அவர் என்னை முழுசாகக் கூடப் பார்க்கவில்லை. சமையல்கட்டுப் பக்கம் திரும்பி, "ரவா ஒண்ணு!" என்று கத்திவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். கூட வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. மறுபடி கூப்பிட்டு விவரம் சொன்னதும், "கலக்கறதில்லீங்க" என்றார். ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துக்கொண்டு சொல்கிறவர் எதையோ மறைக்கிறார் என்பது அப்போது என் முடிவு. சிரிக்காமல் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம். தோசை ஊற்றும் கல்லை எட்டிப் பார்த்தேன். அதே கல்லில் ஓரமாகச் சப்பாத்தி வெந்துகொண்டிருந்தது. அன்றைக்கு ஒரு வாழைப்பழத்தோடு எழுந்து வந்தேன்.

எனக்குக் கோதுமை ஆகாது. இன்றைக்கு இதைச் சொன்னால் ஓட்டலில் புரிந்துகொள்கிறார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருப்பூரில் இதைச் சொன்னால், "கொழுப்பு" என்றார்கள். சர்க்கரை வந்தால் சப்பாத்தி, உடம்பு பெருத்தால் சப்பாத்தி, காய்ச்சல் விட்டால் சப்பாத்தி என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்த காலம். கோதுமையால் ஒருத்திக்கு நோவு வரும் என்பதை யார் நம்புவார்கள்? ப்ளஸ் டூ முடித்த வருஷம் தின்றது எதுவும் உடம்பில் ஒட்டாமல், வயிறு உப்பிக் கை கால் குச்சியாகிப் படுத்துவிட்டேன். ஊரில் மந்திரித்தார்கள், கயிறு கட்டினார்கள். கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு குடல் டாக்டர் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, "ஆயுசுக்கும் கோதுமையைத் தொடக்கூடாது. சப்பாத்தி, பூரி, ரவை, சேமியா எதுவும் வேண்டாம்" என்றார். வீட்டில் எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். அரிசியும் கம்பும் தின்று மாசக் கணக்கில் தேறினேன். கன்னத்தில் சதை வந்தது. உடனே கல்லூரிக்குப் போகிறேன் என்று பிடிவாதம் பிடித்தேன்.

அப்பா சோமனூர்ப் பக்கம் விசைத்தறி வைத்திருந்தார். வீட்டிலிருந்து கல்லூரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், என் உடம்பு அதற்குத் தாங்காது. ஹாஸ்டலில் விட அவருக்கு மனசே இல்லை. ஒரு வருஷம் வீணானதே போதும் என்று நான் அழுது தீர்த்த பிறகுதான் இறங்கி வந்தார். அப்போதும் கண்டிப்பாகச் சொன்னார்: "இன்னொருக்கா படுத்தீன்னா பேச்சே கெடயாது. பெட்டியக் கட்டிட்டு வந்து ஊட்டுல தறிக்குத் தார் சுத்திக்கிட்டு இரு." நூல் சுற்றும் அந்த வேலையை என் அக்கா செய்துகொண்டிருந்தாள். படிப்பை நிறுத்திய நாளிலிருந்து கல்யாணம் ஆகிப்போகிற நாள் வரை அதைத்தான் செய்தாள். எனக்கு அது வேண்டாம். அதனால்தான் ஒவ்வொரு தட்டையும் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

ஹாஸ்டலில் காலையில் உப்புமா, இரவில் சப்பாத்தி. அங்கே படுக்க மட்டும் செய்துகொண்டு, வெளியே சாப்பிட வார்டனிடம் அனுமதி வாங்கினேன். கல்லூரிக்குப் பின் தெருவில் ஒரு அக்கா மெஸ் நடத்தினார். வீட்டு முன்னறையில் இரண்டு பெஞ்சு, பின்னால் விறகடுப்பு. பனியன் கம்பெனிக்குப் போகும் பெண்கள் விடிந்ததும் டிபன் டப்பாவை நிரப்பிக்கொண்டு ஓடுவார்கள். என் கதையை முதல் நாளே சொன்னேன். அக்கா வாயைப் பிளந்துகொண்டு கேட்டுவிட்டு, "அட சாமி! சப்பாத்தி நம்ம மெஸ்ஸுல போடறதே இல்ல கண்ணு. நீ தைரியமாச் சாப்பிடு" என்றார்.

தைரியமாகத்தான் சாப்பிட்டேன், இரண்டு வாரம். பிறகு வயிறு உப்ப ஆரம்பித்தது.

அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்தச் சமையல்கட்டைக் கவனித்தேன். தண்ணீர் குடிக்கப் போவதுபோல் போவேன், கை கழுவப் போவதுபோல் போவேன். ஒருநாள் அக்கா ஒரு டம்ளரில் வெள்ளை மாவைத் தண்ணீர் விட்டுக் கரைத்து, கொதிக்கிற குருமாவில் ஊற்றியதைப் பார்த்துவிட்டேன். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷம் எனக்கு.

"என்னங்கக்கா ஊத்துனீங்க?"

"அரிசி மாவு கண்ணு. குருமா நீத்தமா இருந்துதுன்னு ஊத்தினேன்."

"நெசமாவா?"

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போவுது? நம்பிக்கை இல்லீன்னா குருமா ஊத்திக்காத கண்ணு." குரலில் கனிவு குறையவில்லை, ஆனால் முகம் சுருங்கிவிட்டது. குருமாவை விட்டேன். மறுநாளிலிருந்து எனக்கென்று ஒரு சின்னக் குண்டாவில் தனியாகக் குழம்பு எடுத்து வைத்தார். வேறு யாராவது என்றால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள். எதற்கு எனக்கு மட்டும் தனியாக வைக்கிறார், அதில் என்னத்தைப் போடுகிறார் என்று நான் குடைந்துகொண்டிருந்தேன். குழம்பையும் விட்டேன். வெறும் சோறு, மோர். அந்த மோரையும் மோந்து பார்த்துத்தான் ஊற்றிக்கொண்டேன். பெஞ்சில் எதிரே உட்கார்ந்திருந்த, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, "மோர்ல கூட கோதுமை இருக்குமாக்கா?" என்று அப்பாவியாகக் கேட்டாள். அவளை முறைத்தேன்.

சோறும் மோரும் தின்றால் வயிறு நிறையுமா? ராத்திரிப் பசிக்கு அப்பாவின் டப்பா இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் ஏறி வருவார். சோமனூரில் ஒரு பேக்கரியில் எனக்காகவே வெண்ணெய் பிஸ்கட் வாங்கி, டப்பா நிறைய அடுக்கிக் கொண்டுவருவார். கோதுமை ஒரு பொட்டுக்கூடச் சேர்க்காத பிஸ்கட்டா என்று பேக்கரிக்காரரிடம் திருப்பித் திருப்பிக் கேட்டுத்தான் வாங்குவாராம். திருப்பூரில் நான் கேள்வி கேட்காமல் வாயில் போட்ட ஒரே பண்டம் அதுதான். மெஸ் சாப்பாடு குறையக் குறைய பிஸ்கட் கூடியது. "டப்பா அதுக்குள்ள காலியா? ரெண்டா வாங்கியாறனா?" என்று கேட்டார். இரண்டாகக் கொண்டுவந்தார். எனக்கு வயிற்றுப்போக்கு அதிகமானது. அக்காதான் காரணம் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. என்னைத் துரத்திவிட வேண்டும் என்று வேண்டுமென்றே செய்கிறாரோ என்று கூட நினைத்தேன்.

பரீட்சைக்குச் சில வாரம் இருக்கும்போது வகுப்பில் மயங்கி விழுந்தேன். வார்டன் எங்கள் ஊர் மளிகைக் கடைக்குப் போன் போட்டுச் சொல்ல, மறுநாள் காலையில் அப்பா வந்து நின்றார். என்னைப் பார்த்தார். பெட்டியைக் கட்டச் சொன்னார். கோயம்புத்தூர் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போவது என்று முடிவு செய்துவிட்டார். கெஞ்சினேன். "பேச்சே கெடயாதுன்னு சொன்னனா இல்லியா?" என்றார்.

போகிற வழியில் மெஸ்ஸுக்குள் நுழைந்தார். காலை வேளை, பெஞ்சு நிறைய ஆட்கள். "என்ற புள்ளைக்கு என்னத்தக் கலந்து போட்டீங்க?" என்று சத்தம் போட்டார். அப்பா ஒரு பொம்பளையிடம் குரலை உயர்த்தி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அக்கா அடுப்படியிலிருந்து வந்து, ஒவ்வொரு பாத்திரமாக மூடியைத் திறந்து வைத்தார். "வாங்க, நீங்களே வந்து பாத்துக்கங்க" என்றார். கண் கலங்கியிருந்தது. அப்பா பார்க்கவில்லை. நான்தான் எட்டிப் பார்த்தேன். சோறு, பருப்பு, பொரியல். அப்போதும் நான் நம்பவில்லை.

டாக்டர் என் கண்ணை இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். "கோதுமை உள்ள போகுது. என்னென்ன சாப்பிடற, காலைல இருந்து சொல்லு" என்றார். இட்லி சொன்னேன், சோறு சொன்னேன், மோர் சொன்னேன். குருமாவைப் பற்றி மூச்சு விடாமல் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார்.

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

"பிஸ்கட்டுத் தின்னுவாளுங்க" என்றார் அப்பா. "அது நான் வாங்கியாறதுங்க. அதுல கோதுமையே கெடயாதுங்க, சுத்த மைதாங்க." பெருமையாகச் சொன்னார்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "மைதா எதுல இருந்து எடுக்கறாங்க?"

"கெழங்குலீங்க."

"கோதுமைலதாங்க. தோலை நீக்கிட்டு உள்ள இருக்கற வெள்ளைய அரைச்சா மைதா."

அப்பா சிரித்தார். டாக்டர் ஏதோ தெரியாமல் பேசுகிறார் என்று நினைத்துவிட்டார். தறிக்காரர்களுக்கு வெள்ளை மாவு என்றால் மரவள்ளிக் கிழங்கு மாவுதான். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி போட மூட்டை மூட்டையாக வரும். கிழங்கு மாவு கிடைக்காத நாளில் மைதா வரும். இரண்டும் வெள்ளை, இரண்டும் கொதித்தால் பசை. கோதுமை என்றால் ரேஷனில் போடும் பழுப்புத் தானியம், மில்லில் அரைத்தால் பழுப்பு மாவு. அது எப்படி இதுவாகும்? எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். கல்லூரிக்குப் படிக்கப் போன நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன். பரோட்டாக் கடைப் பக்கம் பெண்பிள்ளைகள் போவதில்லை, அதனால் மைதாவைப் பற்றி யாரிடமும் கேட்க எனக்கு வாய்க்கவும் இல்லை.

"நெசமாங்களா?" என்று இன்னொரு தரம் கேட்டார் அப்பா. டாக்டர் தலையாட்டினார். "நிறுத்துனாப் போதும், சரியாயிரும். படிக்கப் போறதுக்கு ஒரு தடையும் இல்லை."

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அப்பாவின் முகம் செத்துப்போயிருந்தது. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அவர் மேல் எரிச்சலாகவும் இருந்தது. இரண்டுக்கும் அடியில் ஒரு சந்தோஷம், இனி என்னை நிறுத்த அவருக்கு வாய் வராது என்று. பல்லடம் ரோட்டில் பஸ் எங்கோ நின்றபோது, "ரெண்டு டப்பா வாங்கியாந்தனே" என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை.

திருப்பூரில் இறங்கியதும் ஹாஸ்டலுக்குப் போகாமல் மெஸ்ஸுக்குப் போனார். மத்தியானக் கூட்டம் முடிந்து அக்கா பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் நிமிர்ந்து நின்றார். அடுத்து என்ன வரப்போகிறதோ என்ற பயம் முகத்தில் தெரிந்தது.

"அம்மிணி, காத்தால பேசுனது என்ற தப்புங்க" என்றார் அப்பா. "உங்க சோத்துல ஒண்ணும் இல்லீங்க. நான் வாங்கிக் குடுத்த பிஸ்கட்டுலதானுங்க இருந்துருக்குது. பரீட்சை முடியற வரைக்கும் இவ இங்கயே சாப்பிடட்டுங்களா?"

அக்கா துடைத்த துணியை உதறிப் போட்டார். "பரீட்சை முடிஞ்சா எங்க போறா? மூணு வருசப் படிப்பாச்சே. மொதல்ல உக்காருங்க, சாப்பிடுங்க" என்று இரண்டு இலை போட்டார். சோறு போட்டு, இருந்த இரண்டு வடையையும் அப்பாவின் இலையில் வைத்துவிட்டு, ரசம் சூடு பண்ண உள்ளே போனார்.

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "ரூமுக்குப் போயிக் கட்டுன பெட்டியப் பிரிச்சிரு. நீ படி" என்றார். கொஞ்சம் கழித்து, "இனிமே ஆரு என்ன குடுத்தாலும் கேட்டுப்போட்டுத் தின்னு கண்ணு. நான் குடுத்தாலும் கேளு" என்றார். சரியென்று தலையாட்டினேன்.

சாப்பாட்டில் எனக்குப் பிடித்தது எதுவானாலும் தன் இலையிலிருந்து எடுத்து என் இலையில் வைப்பது அவருக்குச் சின்ன வயசிலிருந்தே பழக்கம். அந்த நினைப்பில் ஒரு வடையை எடுத்து என் இலையில் வைத்துவிட்டார். நான் வடையைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"இதுல என்னங்கப்பா போட்டிருக்குது?" என்றேன்.

"தெரீல கண்ணு" என்று சொல்லி அதை எடுத்துக்கொண்டார்.