சொந்தக்காரங்க லீவு

அந்தச் செருப்புக்கடையில் லீவு வாங்க ஒரே வழி சொந்தக்காரர்கள்தான். ஒருத்தருக்குச் சித்தப்பா ஆஸ்பத்திரியில் இருப்பார், இன்னொருத்தருக்கு மாமா பெண்ணுக்குக் கல்யாணம். பில் போடுகிறவரின் பெரியப்பா மட்டும் மூன்று தடவை செத்திருக்கிறார். மூன்று தடவையும் முதலாளி லீவு கொடுத்தார், நல்ல மனுஷர். அத்தனை பேர் வேலையையும் சேர்த்து இழுத்தவர் நம்ம அளவுக்காரர். காலைப் பார்த்தே செருப்பு நம்பர் சொல்லுவார் என்பதால் அந்தப் பெயர். அநாதை இல்லத்தில் வளர்ந்தவர். லீவு கேட்க அவருக்கு ஒன்றுவிட்ட மாமா ஒருவர்கூடக் கிடையாது.

அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஐம்பது வயதில், டி.என்.ஏ. பார்த்து உறவு கண்டுபிடித்துத் தரும் கம்பெனி ஒன்றுக்குச் சின்னக் குழாயில் எச்சிலைத் துப்பி அனுப்பிவைத்தார். இதே ஊரில் ஒரு அம்மா தூரத்து உறவாக இருக்கலாம் என்று பதில் வந்தது. ‘இருக்கலாம்’ என்பது அவர் கண்ணில் படவே இல்லை. உடனே போன் போட்டார்.

“புதன்கிழமை கடைக்கே வரேன், எனக்கும் செருப்பு அறுந்துபோச்சு” என்று சொல்லிவிட்டு அந்த அம்மா வைத்துவிட்டார்.

புதன்கிழமை மனுஷருக்குக் கால் தரையில் பாவவில்லை. அவருடைய இடது காலில் இரண்டாம் விரலும் மூன்றாம் விரலும் ஒட்டியிருக்கும். அதனால் வருகிறவர்களின் முகத்தை விட்டுவிட்டு விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆண்களின் விரல்களையும் விடவில்லை, எதற்கும் இருக்கட்டும் என்று.

மத்தியானம் ஒரு கால் வந்து ஸ்டூலில் ஏறியது. ஒட்டிய விரல்கள். அளவுக்காரர் அதைப் பிடித்தபடி ஈயென்று இளித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்த அம்மா அவருடைய வெறுங்காலை ஒரு பார்வை பார்த்தார். “சிரிச்சது போதும், அளவு எடு. இத்தனை வருஷமா எங்க போய்த் தொலைஞ்ச?”

“நீங்க எனக்கு என்ன முறை வேணும்?”

“யாருக்குத் தெரியும். அத்தைன்னே வச்சுக்கோ.”

இப்படி உரிமையோடு அவரை யாரும் திட்டியதில்லை. குஷி தலைக்கேறிவிட்டது. பெட்டியில் எதைப் போட்டுக் கொடுத்தார் என்று அவருக்கே தெரியாது. சாயங்காலம் போன் வந்தது.

“ஏம்ப்பா, ரெண்டும் வலது கால் செருப்பு. நாளைக்கு மாத்தி எடுத்துட்டு வா. சாப்பிடாம வா.”

நேரே முதலாளி முன்னால் போய் நின்றார்.

“சார், நாளைக்கு லீவு வேணும்.”

“உனக்கெதுக்குய்யா லீவு?”

பில் போடுகிறவர்கூட நிமிர்ந்து பார்த்தார். அளவுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். ரொம்பச் சலித்துக்கொள்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை.

“எங்க அத்தை கூப்பிட்டிருக்காங்க சார். போகலேன்னா கோவிச்சுக்குவாங்க.”